'தூரம்' மார்க்கமா?

வெள்ளகோவிலைச் சேர்ந்த ஒரு சகோதரி நம்மிடம் கேட்டனுப்பியுள்ளார்: "ஹைளு நாட்களில் எனக்குத் தட்டும் பாயும் தனி. என் கையால் சமைத்ததை மாமியார் உண்பதில்லை. இது மார்க்கத்தில் உள்ளதா?"

கொங்குச் சீமையில் இந்நிலைக்குப் பெயரே 'வீட்டுக்குத் தூரம்' என்பதுதான். அக்கம்பக்கத்து வழக்கம் நம் வீடுகளிலும் குடிபுகுந்துவிட்டது. இதற்கு விடை காண, பனூ இஸ்ராயீல்களின் சட்டங்களைச் சற்றுப் பார்ப்போம்.

யூதர்களிடமுள்ள தவ்றாத்தில் லேவியராகமம் என்ற பகுதியின் 11-ஆம் அதிகாரம் உணவைப் பற்றியது. குளம்பு பிளந்தும், அசை போடுவதாகவும் இருந்தால்தான் அப்பிராணியை உண்ணக் கூடும். ஆகவே நம் காங்கேயம் மாடு கூடும். ஒட்டகம் அசை போட்டாலும் குளம்பு பிளவாததால் கூடாது. பன்றி அசை போடாததால் கூடாது. மீனுக்குச் செதிலும் துடுப்பும் வேண்டும். ஆடு, மாட்டின் கொழுப்பும் விலக்கப்பட்டது. இக்கொழுப்பு விலக்கை ஸூரத்துல் அன்ஆம் 146-ஆம் ஆயத்தும் கூறி, அது அவர்கள் வரம்பு மீறியதற்கான கூலி என்கிறது. நமக்கோ ஒட்டகமும் கொழுப்பும் ஹலால். பன்றி ஹராமாகவே நிற்கிறது.

அதே ஆகமத்தின் 15-ஆம் அதிகாரப்படி ஹைளுடைய பெண்ணுக்கு ஏழு நாள் தீட்டு. அவளைத் தொட்டவருக்கு மாலை வரை தீட்டு. அவள் படுத்த, அமர்ந்த இடமும் தீட்டே. ஆணுக்குரிய தீட்டும் அங்கே சொல்லப்பட்டுள்ளது. அது பாவமன்று, வணக்கத் தலத்தை அணுகத் தடை, அவ்வளவே.

மதீனாவின் யூதர்கள் அந்நாட்களில் பெண்களுடன் உண்ணாமலும், வீட்டில் கூடி இராமலும் ஒதுங்கினர். ஸஹாபாக்கள் இதுபற்றிக் கேட்டபோது அல்பகரா 222-ஆம் ஆயத்து இறங்கியது. தாம்பத்திய உறவு ஒன்றைத் தவிர மற்றவை கூடும் என நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்நாட்களில் ஆயிஷா (ரலி) அவர்கள் வாய் வைத்துப் பருகிய இடத்திலேயே வாய் வைத்து நபியவர்கள் பருகினார்கள். அவர்கள் மடியில் சாய்ந்து குர்ஆனும் ஓதினார்கள்.

தொழுகையும் நோன்பும் அந்நாட்களில் இல்லை என்பது உண்மையே. அது இபாதத்துக்குரிய சட்டம், அடுப்படிக்குரியதன்று.

சகோதரியே, உங்கள் கை அசுத்தமன்று. மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அதற்கு முன், உங்கள் கணவர் உங்கள் கையால் சோறு வாங்கி அவர் எதிரிலேயே உண்ணட்டும். அல்லாஹ் எளிதாக்கியதை நாம் கடினமாக்காதிருக்க அவனே தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.