மாடித் தளத்துக்கு மரமா, டபிள்யூபிசியா?

மொட்டை மாடியில் உட்கார மரத்தளம் போட நினைப்பவர்கள் மேல் பலகையின் நிறத்தில்தான் முதலில் மனத்தைச் செலுத்துகிறார்கள். ஆனால் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தளம் பெரும்பாலும் அடியிலிருந்துதான் கெடுகிறது. உப்புக்காற்றில் சாதாரண இரும்புத் திருகு துருப்பிடிக்கும். துருவின் கறை மரத்தில் ஏறும். பிடி தளர்ந்து பலகை ஆடும். ஆகவே பணத்தை முதலில் அடிச்சட்டத்துக்கும் திருகுக்கும் ஒதுக்குங்கள். மாலிப்டினம் கலந்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு உப்பைத் தாங்கும். கடலுக்குத் தொலைவில் 304 ரகமே போதும். விலை கூடுதல்தான். ஆனாலும் துருப்பிடித்த திருகுக்காகத் தளத்தையே பிரித்து மாட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகையைக் கறையான் எளிதில் அரிக்காதே, அது போதாதா என்று கேட்கலாம். கறையான் விஷயத்தில் அது உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் அது வெறுங்காலை வைக்க முடியாதபடி சுடும். அடிச்சட்டங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் தொய்யும். அடிக்கு ஒரு சட்டம் வைப்பது நல்லது. நிழல் இல்லாத மாடிக்கு வைரம் பாய்ந்த தேக்கையே நான் பரிந்துரைப்பேன். ஓரத்து வெள்ளை மரத்தைக் கடையிலேயே ஒதுக்கிவிடுங்கள், அது சீக்கிரம் உளுத்துப்போகும். எதுவானாலும் பலகைகளுக்கிடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சட்டத்தைப் பொருத்தக் கூரையில் துளையிடவே கூடாது. கால்தாங்கிகள் மேல் நிறுத்தினால் நீர்க்காப்புப் பூச்சும் பிழைக்கும், மழைநீரும் அடியில் வழிந்தோடும்.