நாயாற்றிலிருந்து சென்னை: பலாலியா, கட்டுநாயக்கவா?

சென்னைக்குப் போக நினைக்கிற எங்கள் நாயாற்றுச் சனம் முதலில் கேட்பது, "பிளேனில எவ்வளவு நேரம்?" என்றுதான். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னை வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து 645 வரும். இருந்தும் பறக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். பலாலியின் ஓடுபாதை கட்டையானது. அதனால் அங்கே வந்து போவது ஏ.ரி.ஆர். 72 என்ற சுழல்விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். கட்டுநாயக்கவிலிருந்து போகிற ஜெட் 800ஐ எட்டும்.

நேரம் தின்பது தரைவழிதான். நாயாற்றிலிருந்து முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, பரந்தன், ஆனையிறவு வழியாகப் பலாலிக்கு வான் பிடித்தால் மூன்று மணித்தியாலம் சொச்சம். கட்டுநாயக்கவுக்கு மாங்குளம், வவுனியா, அனுராதபுரம், புத்தளம் என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். ஏழு மணித்தியாலம் வேண்டும். அங்கே மூன்று மணித்தியாலம் முந்தியே நிற்கவும் வேண்டும். வைத்தியத்துக்கு வயதான அம்மாவைக் கூட்டிப்போகிறவர் அந்த நீண்ட பயணத்தை அவருக்குக் கொடுக்கவே கூடாது. பலாலிதான்.

வேளாங்கண்ணிக்குப் போகிற கரையோரக் குடும்பங்கள் திருச்சியைப் பாருங்கள். 2025 இல் இண்டிகோ பலாலி–திருச்சி சேவையைத் தொடங்கியது. திருச்சியிலிருந்து மாதா கோயில் சுமார் 150 கிலோமீற்றர். சென்னையில் இறங்கினால் அதைப்போல் இரண்டு மடங்கு.

பலாலிக்கும் ஒரு பலவீனம் உண்டு: சேவை குறைவு. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதற்பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையை, அதாவது இதே பலாலியைத் தொட்டுத்தான் சென்னைக்குப் போனது. அப்படிப்பட்ட இடம் போரில் மூடுண்டு, 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி உயிர்பெற்றது. சேவைகள் இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று தவறினால் அடுத்ததற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். கட்டுநாயக்கவில் அடுத்த விமானம் சுலபமாகக் கிடைக்கும். ஆகவே வைத்தியரைச் சந்திக்கும் நாளுக்கு முதல்நாளாவது சென்னையில் இறங்குகிற மாதிரி ரிக்கெற் போடுங்கள். பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதையும் அப்போதே கேளுங்கள்.

லண்டனிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு. கொழும்புக்கு, அதாவது கட்டுநாயக்கவுக்கு, நேரடி விமானம் இருக்கிறது. பதினொரு மணித்தியாலம் அளவில் வந்துவிடலாம். சென்னையில் மாறிப் பலாலிக்கு வருவது வரைபடத்தில் கிட்டவாகத் தெரியும். ஆனால் இரண்டு ரிக்கெற்றையும் தனித்தனியே வாங்கினால் சென்னையில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போடவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதன் காசும் போய்விடும். சென்னையில் நாலு நாள் அலுவல் இருந்தால் அப்படி வரட்டும். இல்லாவிட்டால் கட்டுநாயக்கவில் இறங்கி வான் பிடித்து வருவதே நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் பயணம் என்றால், எந்த நிலையமானாலும், முதல்நாளே முல்லைத்தீவு நகருக்கு வந்து தங்குங்கள். அந்த மழையில் நாயாற்றிலிருந்து முல்லைத்தீவுக்கு வரும் கொக்கிளாய் வீதியை நம்பி விடியற்காலையில் வெளிக்கிடக் கூடாது.