விறகு வாங்குவோர் கவனத்திற்கு



2016 மே மாதம் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின் ஏழை வீடுகள் பலவற்றுக்கும் கேஸ் இணைப்பு வந்தது. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் வெந்நீர் போட விறகடுப்பு எரியத்தான் செய்கிறது. சிலிண்டர் விலையைப் பார்த்தால் விறகு மலிவு. தோப்பில் கிடக்கும் தென்னை மட்டைக்குக் காசே இல்லை. இதை நாம் குறை சொல்லவில்லை. எரிப்பது காய்ந்த விறகா என்பதே கேள்வி.

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அது ஆவியாகும் வரை சூடு வீணாகும். தீ சரியாகப் பிடிக்காமல் புகை கிளம்பும். பச்சை விறகை எடை போட்டு வாங்குபவர் தண்ணீருக்கும் விறகு விலை கொடுக்கிறார்.

காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு இருக்கும். பட்டை எளிதில் உரியும். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். தை மாதமே வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்கி, கோடை முழுதும் காய விடுங்கள். ஆனிச் சாரலுக்கு முன் கூரைக்கடியில் சேர்த்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த பலகையும் பிளாஸ்டிக்கும் அடுப்பில் வேண்டாம்.

விறகு வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். புகையைச் சுவாசிப்பது பெண்களும் பிள்ளைகளும். வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பது மார்க்கம் வகுத்த நெறி. குடும்பத்தார் நம்மிடம் உள்ள அமானிதம். நம் வீட்டுப் புகை அண்டை வீட்டுக்கும் போகிறது.

அடுத்த முறை விறகு வாங்கும் முன், அடுப்பு மூட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அல்லாஹ் நம் வீடுகளில் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.