புகையை வெல்லத் துணைபுரியும் செல்பேசி

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது பழமொழி. புகைப் பழக்கத்தைப் பற்றிப் பேச்செழும்போது பலரும் இதைச் சொல்லிக் கையை விரித்துவிடுகின்றனர். “அவருக்கு மன உறுதி இல்லை” என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். அன்புத் தோழியரே! இத்தீர்ப்பு சரிதானா என்று சற்றே ஆராய்வோம்.

2016-17-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் நடைபெற்ற புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் புகைப்பவர்கள். அவர்களுள் சிகரெட் புகைப்போரைவிடப் பீடி புகைப்போரே மிகுதி. பீடி மலிவானது, ஆகவே உழைத்துக் களைத்த ஏழையின் சட்டைப் பையில் அது எளிதில் இடம் பிடித்துக்கொள்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் உரிய காசு நாள்தோறும் புகையாகிறது. ஆயினும், புகைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் அப்பழக்கத்தை விட்டுவிட எண்ணுவதாக அதே கணக்கெடுப்பு கூறுகிறது. அவர்களிடம் விருப்பம் இருக்கிறது, இல்லாதது துணையே!

புகையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள் சில நொடிகளில் மூளையைச் சென்றடைகிறது. அதற்குப் பழகிவிட்ட மூளை, மீண்டும் மீண்டும் அதையே கேட்கிறது. நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் தோன்றுகின்றன. முதல் வாரம் மிகக் கடினம். பின்னர்ச் சில வாரங்களில் இத்தொல்லைகள் தணிகின்றன. புகைக்க வேண்டும் என்ற வேட்கை எழும்போதெல்லாம் அது சில நிமிடங்களே உச்சத்தில் நிற்கும். அச்சில நிமிடங்களைக் கடத்துவதே போராட்டம்.

அந்நேரத்தில் ஏழைத் தொழிலாளிக்கு யார் துணை? மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். வேட்கையோ தேநீர்க் கடை வாசலிலும், இரவுக் காவலிலும் எழுகிறது. அங்கெல்லாம் அவருடன் இருப்பது செல்பேசி ஒன்றுதான்.

பிரிட்டனில் சுமார் 5,800 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. புகையை விட ஊக்கமூட்டும் குறுஞ்செய்திகள் ஒரு பிரிவினருக்கு அனுப்பப்பட்டன. வேட்கை எழும்போது ஒரு சொல்லை அனுப்பினால் உடனே ஆறுதலும் அறிவுரையும் வந்தன. ஆறு மாதங்களுக்குப் பின் அப்பிரிவில் நூற்றுக்கு 10.7 பேரும், அத்தகைய செய்திகள் பெறாத பிரிவில் 4.9 பேருமே புகையை விட்டிருந்தனர். எல்லோரும் வென்றுவிடவில்லை, ஆனால் வென்றவர் தொகை இரு மடங்காயிற்று!

நம் நாட்டிலும் 2016-இல், ஒரு ‘மிஸ்டு கால்’ கொடுத்தால் குறுஞ்செய்திகள் வரும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதே ஆண்டில் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி உதவியும் தோன்றியது. 2018 முதல் பீடி, சிகரெட் உறைகளிலேயே இந்த எண் அச்சிடப்பட்டு வருகிறது. பேசுபவர் திட்டுவதில்லை, விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் செய்து, பின்னரும் அழைத்து நலம் விசாரிக்கிறார். ஒரு முறை தவறினாலும் மீண்டும் முயலத் தூண்டுகிறார்.

குறுஞ்செய்தி வந்தும் அதைப் படிக்கத் தெரியாதவர் என் செய்வார்? இங்கேதான் மாணவியராகிய நமக்குக் கடமை இருக்கிறது. உறையிலுள்ள எண்ணை எடுத்துக் காட்டலாம். வரும் செய்தியை வாசித்துச் சொல்லலாம். வேட்கை எழும்போது ஒரு குவளை நீர் கொடுத்து, அந்தச் சில நிமிடங்கள் உடனிருந்து பேசலாம். “இன்னும் விடவில்லையா?” என்று குத்திக்காட்டுவதைவிட, “இன்றோடு மூன்று நாளாயிற்றே, அப்பா!” என்று மகிழ்ந்து கூறுவது பெருந்துணையாகும்.

நாம் கற்ற எழுத்து, நம் வீட்டாரின் மூச்சைக் காக்கவும் பயன்படட்டும்!