செயற்கைக்கோள் வானொலிப் பெட்டி: சந்தா கட்டுகிறவர் கடன் கொடுக்கிறார்

கடையில் வானொலி பாடுவது நம்மவர்க்குப் புதிதல்ல. காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டியதும் பக்திப் பாடல். பிறகு செய்தி. மதியம் கூட்டம் குறைந்தபின் பழைய திரைப்பாடல். இதற்காகப் பெட்டிக்கு ஒரு முறை பணம் கொடுத்தோம். 1980களில் நீக்கப்படும் வரை அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்டும் வழக்கமும் இருந்தது. என்றாலும் பெட்டி நம்முடையது, ஒலிபரப்பு அரசாங்கத்துடையது. நாளைக்கு நின்றுவிடுமோ என்ற கவலை யாருக்கும் இருந்ததில்லை.

இந்தக் கணக்கை மாற்றிய கருவி செயற்கைக்கோள் வானொலி. இந்தியாவில் இன்று பொதுமக்களுக்கான அத்தகைய சேவை கிடையாது. 2000 முதல் 2009 வரை இருந்தது. அந்தப் பெட்டியை எப்படி வைத்திருந்தார்கள், எப்படிப் பயன்படுத்தினார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்பதை வணிகர் கண்ணோட்டத்தில் இப்பாடத்தில் பார்ப்போம். பில் போடும் மென்பொருள் முதல் கண்காணிப்புக் கேமரா வரை இன்று நமக்குச் சந்தா முறையில் விற்கப்படும் பலவற்றுக்கும் இந்தப் பழைய கதை பொருந்தும்.

கருவியும் அதன் குணமும்

நோவா சமரா என்ற எத்தியோப்பியாவில் பிறந்த வழக்கறிஞர், 1990இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் வேர்ல்டு ஸ்பேஸ். ஆப்பிரிக்காவுக்காக ஆஃப்ரிஸ்டார் என்ற செயற்கைக்கோளை 1998 அக்டோபரிலும், ஆசியாவுக்காக ஏஷியாஸ்டார் என்பதை 2000 மார்ச்சிலும் அது ஏவியது. ஏஷியாஸ்டார் நின்ற இடம் நிலநடுக்கோட்டுக்கு மேலே, 105 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால், கீழே இருந்து பார்ப்பவருக்கு வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத்தான். ஒரு முறை திசை பார்த்து வைத்துவிட்டால் போதும்.

பெட்டிகளை ஹிட்டாச்சி, சான்யோ, பானாசோனிக், ஜே.வி.சி. போன்ற நிறுவனங்கள் செய்தன. நம் நாட்டில் பி.பி.எல். நிறுவனமும் செய்தது. கையில் தூக்கிக்கொண்டு போகும் அளவுதான். பெரிய குடை ஆன்டெனா தேவையில்லை. உள்ளங்கை அளவுள்ள தட்டையான சதுரப் பலகை ஒன்று பெட்டியோடு வரும். அதைக் கழற்றி நீண்ட வயர் போட்டு வெளியே வைக்கலாம். ஒலி டிஜிட்டல் முறையில் வந்ததால் இரைச்சல் இல்லை. கிடைத்தால் சுத்தமாகக் கிடைக்கும். இல்லையென்றால் ஒன்றுமே கிடைக்காது. சிற்றலை வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்தது.

கடைக்காரர்க்குச் சிக்கல் வானத்தில்தான். சென்னையிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடையே, அடிவானத்திலிருந்து சுமார் 57 டிகிரி உயரத்தில் இருந்தது. அந்தத் திசையில் வானம் மறைக்கப்படாமல் தெரிய வேண்டும். கண்ணாடி சன்னல் வழியே அலை வரும். கான்கிரீட் கூரை வழியாகவோ தகரக் கூரை வழியாகவோ வராது. அடர்ந்த மரம் குறுக்கே நின்றாலும் குறையும். வாஸ்து பார்த்து வடக்கு வாசல் வைத்த கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் பாடவில்லையே என்றால் எப்படிப் பாடும்? பலகையை மொட்டை மாடியிலோ கிழக்குப் பக்கச் சன்ஷேடிலோ வைத்து வயர் இழுக்க வேண்டும். மழையைப் பொறுத்தவரை இது நம் டி.டி.எச். குடையைவிட மேல். இது பயன்படுத்திய அலைவரிசை 1,467 முதல் 1,492 மெகாஹெர்ட்ஸ். இந்த அளவில் மழை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

அமெரிக்காவில் இதே காலத்தில் எக்ஸ்.எம். (2001), சிரியஸ் (2002) என்ற இரண்டு சேவைகள் வந்தன. கட்டடங்கள் நெருங்கிய நகரங்களில், வானிலிருந்து வருவதை வாங்கித் தரையிலிருந்து மறுபடி பரப்பும் நிலையங்களை அவை அமைத்தன. முக்கியமாகக் காரில் கேட்பதற்கென்றே அந்தச் சேவைகள் வளர்ந்தன. 2004 இறுதியில் வந்த மைஃபை என்ற கையடக்கப் பெட்டி, ஐந்து மணி நேர நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வானம் தெரியாத இடத்திலும் பாடியது. இந்தியாவில் ஊர்தோறும் அப்படிப்பட்ட தரை நிலையங்கள் அமையவில்லை. ஆகையால் நம் பக்கத்துப் பெட்டி பெயருக்குக் கையடக்கம். நடைமுறையில் சன்னலோரத்துப் பெட்டி.

என்றாலும் விரும்பிக் கேட்டவர்கள் ஏராளம். தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி என்று தனித்தனி அலைவரிசைகள் இருந்தன. விளம்பரத் தொல்லை குறைவு. நாள் முழுவதும் கச்சேரி கேட்க ஆசைப்பட்டவர்களுக்கு அது போல வேறொன்று அன்று இல்லை. சேவை நின்றபோது அவர்கள் வருந்தியதில் பணத்தைவிடப் பாட்டுதான் பெரிது என்று சொன்னாலும் தவறில்லை.

நின்ற விதம்

தொடக்கத்தில் பல அலைவரிசைகள் சந்தா இல்லாமலே கிடைத்தன. பின்னர் சந்தா கட்டினால்தான் பெட்டி திறக்கும் என்றாயிற்று. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. பணம் கட்டியதும் அந்த எண்ணுக்கு வானிலிருந்து அனுமதி வரும். நிறுவனம் 2005இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பங்கு விற்றது. அதன் பிறகு கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு பெரும் நட்டம். 2008 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தது. இந்தியாவில் ஒலிபரப்பு அதற்குப் பின்னும் ஓராண்டுக்கு மேல் நடந்தது. 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது.

செயற்கைக்கோள் பழுதாகவில்லை. பெட்டியும் பழுதாகவில்லை. நடுவில் இருந்த கணக்குப் புத்தகம் பழுதாயிற்று. சந்தாக் காலம் மீதி இருந்தவர்கள் கையில் நல்ல நிலையில் உள்ள பெட்டியும், செல்லாத சந்தாவும் மிஞ்சின.

சந்தாவை எப்படிப் பேரேட்டில் எழுதுவது?

இங்கேதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டுகிறவர், தாம் ஒரு பொருளை வாங்கிவிட்டதாக நினைக்கிறார். உண்மையில் வாங்கவில்லை, இனிமேல் வரப்போகும் பன்னிரண்டு மாதச் சேவைக்காக அந்த நிறுவனத்துக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறார். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, அடகு இல்லை. மண்டிக்காரர் ஒருவர் முன்பின் தெரியாத ஆளுக்குப் பத்து மூட்டை பருப்பைக் கடனாகக் கொடுப்பாரா? ஆனால் அதே மண்டிக்காரர் மூன்றாண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்டுகிறார். கேட்டால், தள்ளுபடி கிடைத்தது என்கிறார்.

அந்தத் தள்ளுபடியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு தொகை வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சந்தா 1,800 ரூபாய். மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் 5,400க்குப் பதில் 4,500. லாபம் 900 ரூபாய் என்று தோன்றும். முதலாண்டுக்கான 1,800 எப்படியும் கட்டவேண்டியதுதான். ஆகவே நாம் இன்று கூடுதலாகக் கொடுப்பது 2,700. அதற்கு ஈடாக ஓராண்டு கழித்து ஒரு 1,800, இரண்டாண்டு கழித்து இன்னொரு 1,800 நமக்கு மிச்சமாகிறது. வட்டிக் கணக்கில் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். நம் பாஷையில் நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ரூபாய் வட்டி.

இவ்வளவு வட்டி கொடுத்து நம்மிடம் பணம் வாங்க ஒருவர் முன்வருகிறார் என்றால், அவருக்கு ஏன் வங்கி கொடுக்கவில்லை என்று கேட்பது கடை வீதியில் பால பாடம். எல்லாத் தள்ளுபடியும் நொடிந்தவர் கொடுப்பதுதான் என்று சொல்ல வரவில்லை. நல்ல நிறுவனமும் வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கத் தள்ளுபடி தரும். ஆனால் கொடுப்பவர் நிலை தெரியாமல் வாங்கினால், 900 ரூபாய் ஆசைக்கு 2,700ஐப் பணயம் வைத்ததாகவே ஆகும். முதலாண்டு முடிவில் சேவை நின்றால், ஆண்டுக்காண்டு கட்டியவருக்கு நட்டமில்லை. சேர்த்துக் கட்டியவருக்கு 2,700 ரூபாயும் வாராக்கடன்.

நிறுவனம் நொடித்தபின் சந்தாதாரர் எங்கே நிற்கிறார்? நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி சொத்தை விற்றுப் பங்கிடும்போது, நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர்கள், மற்ற ஊழியர் சம்பளம், அடமானமில்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள், அரசு வரி என்று வரிசை போகும். அதற்குப் பிறகுதான் மற்றக் கடன்காரர்கள். அந்தக் கூட்டத்தில்தான் முன்பணம் கட்டியவரும். பெரும்பாலும் அது வரை பணம் மிஞ்சுவதில்லை.

நுகர்வோர் மன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். வணிகர்க்கு அதில் ஒரு நுட்பம் உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்று சட்டம் ஏற்பதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே நிலைதான். ஆகையால் கடைப் பெயரில் சந்தா கட்டுவதற்கு முன், பின்னால் வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆயுள் சந்தா என்று ஒன்றும் விற்கப்படுவதுண்டு. யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் சிரியஸ் விற்ற ஆயுள் சந்தாவில் ஆயுள் என்றது பெட்டியின் ஆயுளைத்தான், வாங்கியவரின் ஆயுளை அல்ல. இன்னொன்று: எக்ஸ்.எம்.மும் சிரியஸும் 2008இல் ஒன்றாக இணைந்தன. இணைந்த பிறகும் ஒன்றின் பெட்டி மற்றதன் ஒலிபரப்பை வாங்காது. இரண்டு கடைகள் ஒன்றானாலும் இரண்டு பூட்டுக்கும் இரண்டு சாவிதான்.

பெட்டியை விற்கும் கடைக்காரர்க்கு

வானொலி, மின்பொருள் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு இதில் வேறொரு பக்கம் உண்டு. சேவை நின்றதும் வாடிக்கையாளர் வேறு ஊரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போகமாட்டார். பெட்டி வாங்கிய கடைக்குத்தான் வருவார். ஆகவே பெட்டிக்கு நம் பில்லும், சந்தாவுக்கு நிறுவனத்தின் ரசீதும் என்று தனித்தனியாகவே கொடுங்கள். சந்தாப் பணத்தை நம் விற்பனையோடு சேர்த்து எழுதாமல், தரகு மட்டும் நம் வரவாக எழுதுங்கள். விற்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேவை நின்ற மறுநாள் அந்தப் பெட்டி, பூச்சி விழுந்த பருப்பைப் போல. இருப்பில் இருக்கும், விலை இருக்காது.

கடையில் பாட்டுப் போடுவது பற்றி

வீட்டுச் சந்தாவில் வரும் பாட்டைக் கடையில் வாடிக்கையாளர் கேட்கப் போடலாமா? அமெரிக்காவில் சிரியஸ் எக்ஸ்.எம். கடைகளுக்கென்று தனிச் சந்தா வைத்திருக்கிறது. வீட்டுச் சந்தாவைக் கடையில் பயன்படுத்த அனுமதி இல்லை. நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வருவோர் போவோர் கேட்கும் இடத்தில் பாட்டு ஒலிப்பது வேறு, வீட்டில் கேட்பது வேறு. ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற அமைப்புகள் இதற்கு உரிமக் கட்டணம் கேட்பதுண்டு. சின்ன மளிகைக் கடைக்கு இவை வருவது அரிது என்றாலும், பெரிய கடை, ஜவுளிக் கடை, ஓட்டல் வைத்திருப்போர் விசாரித்து வைப்பது நல்லது. கல்லாவில் உட்கார்ந்து நாம் மட்டும் செய்தி கேட்பதில் இந்தப் பிரச்சினை இல்லை.

கையில் பழைய பெட்டி இருந்தால்

பழைய வேர்ல்டு ஸ்பேஸ் பெட்டியை யாராவது மலிவாகக் கொடுக்கிறேன் என்றால் செயற்கைக்கோள் ஒலிபரப்புக்காக வாங்க வேண்டாம். எந்தச் சந்தா கட்டியும் அது திறக்காது. முதலில் வந்த சில மாதிரிகளில் எஃப்.எம்., மத்திய அலை, சிற்றலை ஆகியவையும் உண்டு. அப்படிப்பட்ட பெட்டி நல்ல நிலையில் இருந்தால் சாதாரண வானொலியாக இன்றும் உழைக்கும். மாதச் சந்தா இல்லாமல் வானிலிருந்து வானொலி கேட்க விரும்புவோர்க்கு டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. தொலைக்காட்சியோடு ஆகாசவாணியின் அலைவரிசைகளும் அதில் வருகின்றன. குடைக்கும் பெட்டிக்கும் ஒரு முறை செலவு செய்தால் போதும். அந்தக் குடைக்கும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் வானம் தெரிய வேண்டும் என்பதால், மாடியில் இடம் பார்த்தபின் வாங்குங்கள்.