ஏற்றமில்லாத மலைப்பாதை

பிள்ளைகளோடு மலையில் சைக்கிள் ஓட்ட ஆசை, ஏற்றத்தில் மூச்சு வாங்கத்தான் தயக்கம் என்றால், அமெரிக்காவின் மொன்டானா–ஐடஹோ எல்லையிலுள்ள ‘ரூட் ஆஃப் தி ஹயவாதா’வுக்குப் போங்கள். மில்வாக்கி ரோடு ரயில் கம்பெனி பிட்டர்ரூட் மலையைக் குடைந்து போட்ட பாதை இது. 1980இல் ரயில் நின்றுபோக, 1998இல் சைக்கிள் தடமாகத் திறந்தார்கள். நீளம் சுமார் 24 கிலோமீட்டர். ரயில் ஏறுவதற்கென்று வெட்டியதால் சரிவு மிக மென்மை. மேலிருந்து கிளம்பினால் கிட்டத்தட்ட முழுக்க இறக்கம்தான்.

டிக்கெட், வாடகை சைக்கிள், குழந்தையை உட்காரவைத்து இழுக்கும் வண்டி எல்லாம் லுக்அவுட் பாஸ் பனிச்சறுக்கு மையத்தில் கிடைக்கும். அங்கிருந்து காரில், தடம் தொடங்கும் ஈஸ்ட் போர்ட்டலுக்குப் போக வேண்டும். தடம் திறந்திருப்பது கோடையில் மட்டும்.

கிளம்பியதுமே செயின்ட் பால் பாஸ் சுரங்கம். 2.7 கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கே கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே 8 டிகிரிதான், கூரையிலிருந்து தண்ணீரும் சொட்டும். ஆளுக்கொரு ஸ்வெட்டரும் நல்ல முன்விளக்கும் அவசியம். ஹெல்மெட்டும் விளக்கும் இல்லாமல் தடத்தில் ஓட்டக் கூடாது என்பது விதி. செல்போன் வெளிச்சத்தை நம்பி இறங்காதீர்கள். இரு ஓரமும் வடிகால் ஓடுகிறது; பிள்ளைகளை நடுவிலேயே வரச் சொல்லுங்கள். சின்னவர்கள் இருட்டுக்குப் பயந்தால், பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

அதைத் தாண்டினால் இன்னும் ஒன்பது சுரங்கங்கள், ஏழு இரும்புப் பாலங்கள். கெல்லி க்ரீக் பாலம் 230 அடி உயரம். இறக்கம்தானே என்று பறக்காமல் பாலத்துக்குப் பாலம் நில்லுங்கள். வழியிலுள்ள பலகைகளையும் படியுங்கள். 1910 ஆகஸ்டில் இந்தக் காடு பற்றி எரிந்தபோது ரயில்காரர்கள் ஆட்களை ஏற்றிவந்து சுரங்கங்களுக்குள் வண்டியை நிறுத்திக் காப்பாற்றினார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

கீழே பியர்சனில் தடம் முடிகிறது. திரும்ப மிதிக்க வேண்டாம், சைக்கிளோடு ஏற்றிக்கொள்ள ஷட்டில் பஸ் உண்டு. அதற்குத் தனி டிக்கெட். ஆனால் பஸ் முதல் சுரங்கத்தின் மேற்கு வாயில் வரைதான் வரும். காரை எடுக்க அதே நீளச் சுரங்கத்தை மறுபடி கடந்தாக வேண்டும். எனவே விளக்கில் சார்ஜையும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தின்பண்டத்தையும் மிச்சம் வையுங்கள். இன்னொன்று: மொன்டானா கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும், தடத்தில் ஐடஹோ பக்கத்து பசிபிக் நேரம்தான் கணக்கு. கடைசி பஸ் நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.