மங்கலாத் தெரியுறதும் ஒரு தகவல்தான்!



போன மாசம் இடது கண்ணில் அடிபட்டு ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். பக்கத்து பெஞ்ச் நண்பன் நீட்டின பேனாவைப் பிடிக்கப் போய் வெறும் காத்தைப் பிடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கோ பயம். ஒத்தைக் கண்ணுக்கு உலகமே தட்டையாயிடுமா?

அறிவியல் சாரிடம் கேட்டேன். அவர் செய்யச் சொன்ன சோதனையை நீங்களும் செஞ்சு பாருங்க. ஒரு கண்ணை மூடி, பென்சிலை ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். பென்சில் முனையை உற்றுப் பார்த்தால் கரும்பலகை மங்கும். கரும்பலகையைப் பார்த்தால் பென்சில் மங்கும். அடுத்து, பழைய நோட்டு அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு அது வழியா பாருங்க. (ஓட்டை போட்ட பிறகுதான் அட்டையைக் கண்கிட்ட கொண்டு போகணும்! சூரியனைப் பார்க்கவே கூடாது.) மங்கல் நல்லாக் குறைஞ்சிடும். பென்சிலும் பலகையும் ஒரே தாளில் வரைந்த மாதிரி இருக்கும்.

காரணம் இதுதான். நம் இரண்டு கண்களும் சுமார் 6 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் சற்றே வேறுபட்ட இரண்டு காட்சிகளைப் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை வைத்து மூளை தூரத்தைக் கணிக்கிறது. ஒரே கண்ணுக்குள்ளும் இதேதான் சின்ன அளவில் நடக்குது. கண்ணின் நடுவிலுள்ள பாவை நல்ல வெளிச்சத்தில் 2 மி.மீ., இருட்டில் 8 மி.மீ. வரை அகலம். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி பாவையின் இரு ஓரங்கள் வழியாகவும் நுழையும். நாம் உற்றுப் பார்க்கும் தூரத்திலிருந்து வந்தால் விழித்திரையில் ஒரே புள்ளியாகச் சேரும். இல்லாவிட்டால் வட்டமாகப் பரவும். அதுதான் மங்கல். தூரம் விலக விலக வட்டம் பெருசாகும். ஊசி ஓட்டை ஒளி நுழையும் வழியைச் சுருக்கியதால் வட்டமும் சுருங்கிவிட்டது.

ஒரு குறை உண்டு. பொருள் முன்னால் இருக்கா, பின்னால் இருக்கா என்று மங்கல் மட்டும் சொல்லாது. அதற்கு விளிம்பைப் பார்க்கணும். தெளிவான பொருளும் மங்கலான பொருளும் சேரும் விளிம்பு மங்கலாக இருந்தால், மங்கலானதுதான் முன்னால்.

சரி, 6 செ.மீ. இருக்கும்போது இந்த மில்லிமீட்டர் எதுக்கு? அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஹெல்ட், கூப்பர், பேங்க்ஸ் ஆகியோர் 2012-இல் இதைச் சோதித்தார்கள். உற்றுப் பார்க்கும் பொருளுக்குக் கிட்ட இருகண் வேறுபாடு துல்லியம். அதிலிருந்து தூரம் விலகினால் அது தடுமாறும், அங்கே மங்கல்தான் கைகொடுக்குது.

நான் பேனாவைத் தவறவிட்டதும் அப்போதான் புரிஞ்சது. உற்றுப் பார்த்த பேனாவில் மங்கலே கிடையாது. அந்த இடத்தில் உதவ வேண்டிய இன்னொரு கண்ணோ கட்டுக்குள்ளே!